பாதியாக அறுத்து மெருகேற்றிய அம்மோனைட்: இதில் அறிவியல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

மணற்கடிகாரம் எழுதியது:

வணக்கம். போன வாரம் ஒரு அம்மோனைட், அதாவது எப்போதோ அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல் பிராணியின் புதைபடிவம், கைக்கு வந்தது. முழுசு இல்லை, நட்ட நடுவில் அறுத்து, அறுத்த முகத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்த ஒரு பாதி. உள்ளங்கையை நிறைக்கிற அகலம். சுருளுக்குள் வரிசையாக அறைகள், சிலவற்றில் தேன் நிறப் படிகம், சிலவற்றில் பழுப்பு மண், இரண்டு மூன்று அறைகள் பாதி காலியாக இருக்கின்றன, அவற்றின் சுவரிலிருந்து குட்டிக் குட்டிப் பற்கள் போலப் படிகங்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. விற்றவர் சொன்னது இவ்வளவுதான்: மடகாஸ்கர், 11 கோடி ஆண்டு. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இது வெறும் அலங்காரக் கல்தானா, இல்லை இதிலிருந்து இன்னும் ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா? அருங்காட்சியகத்தில் இருக்கிற அம்மோனைட்டுக்கும் என் மேசையில் இருப்பதற்கும் என்னதான் வித்தியாசம்? அப்புறம், இது அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூழாங்கல் எழுதியது:

அசலா போலியா என்பதை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் சொல்கிற அடையாளத்துக்கு அது பெரும்பாலும் கிளியோனிசெராஸ் என்ற பெயரில் விற்கப்படுவதாகத்தான் இருக்கும். மடகாஸ்கரின் வடமேற்கே மகஜங்கா பகுதியில் தோண்டுகிறார்கள், ஏராளமாகக் கிடைக்கிறது. அவ்வளவு கிடைக்கிற ஒன்றைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் ஒட்டுவேலை இருக்கும். கடைசிச் சுற்று உடைந்திருந்தால் வேறு கல்லின் துண்டை வைத்து ஒட்டுவது, காலி அறையை ரெசின் ஊற்றி நிரப்புவது, விளிம்பில் கல்பொடியும் பசையும் குழைத்துப் பூசுவது, இதெல்லாம் சர்வசாதாரணம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்காருங்கள். காற்றுக் குமிழி தெரிந்தால் அது ரெசின். அறைச் சுவர்கள் ஓர் இடத்தில் திடீரென்று தொடர்பில்லாமல் நின்றுபோனால் அங்கே ஒட்டு இருக்கிறது. புறஊதா விளக்கு இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள், பசை பெரும்பாலும் வெளிறிய நீலமாக ஒளிரும். அறைகளில் இருக்கிற படிகமான கால்சைட்டும் ஒளிரக்கூடும் என்பதால் ஒளிர்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரே ஒரு திட்டு மட்டும் மற்ற இடத்திலிருந்து மாறி ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மொராக்கோவிலிருந்து வரும் கறுப்புக் கல் கோனியடைட்டுகள் (அம்மோனைட்டின் பழைய உறவுகள்) கதை வேறு. அங்கே உண்மையான படிவத்தைச் சுற்றிக் கல்லைச் செதுக்கும்போது சுருளையும் சேர்த்துச் செதுக்கிவிடுவார்கள், பாதி இயற்கை, பாதி உளி. நான் முதன்முதலில் வாங்கியதே அப்படி ஒன்றுதான். இரண்டு வருடம் கழித்துத்தான் அதன் மேல் ஓடிய வரிகள் கம்பியால் கீறியவை என்று தெரிந்தது. அன்று வந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தொலைநோக்கி எழுதியது:

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த இடம், எந்த அடுக்கு என்று தெரியாத புதைபடிவத்துக்கு அறிவியல் மதிப்பு கிடையாது. அதையும் குறுக்கே அறுத்து, ஓட்டின் வெளிப்புறத்தைத் தேய்த்து, மெழுகு போட்டுவிட்டால் மிச்சம் இருந்ததும் போச்சு. ஒரு அம்மோனைட்டை இனம் காண வெளிப்புறத்து வரிமேடுகள், முள் முனைகள், குறுக்குவெட்டின் வடிவம், தையல் கோடு எல்லாம் வேண்டும். மெருகேற்றுகிற பட்டறையில் முதலில் போவது இவைதான். அழகாக இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை அறிவியல் என்று சொல்லாதீர்கள்.

அடுக்குப்பாறை எழுதியது:

தொலைநோக்கி சொன்னதில் முக்கால்வாசி சரி. மீதிக் காலுக்காகக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. நான் படிவுப் பாறைகளில்தான் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன்.

அம்மோனைட் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அது பாறைக்குள் இருக்கிற கடிகாரம். இதை முதலில் நடைமுறையில் கண்டவர் பெரிய பட்டதாரி இல்லை, கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளந்த வில்லியம் ஸ்மித். ஒவ்வொரு அடுக்கிலும் அதற்கே உரிய படிவங்கள்தான் வருகின்றன, அவற்றை வைத்து இங்கே இருக்கிற அடுக்கையும் ஐம்பது மைல் தள்ளி இருக்கிற அடுக்கையும் ஒன்றென்று சொல்லலாம் என்று பார்த்தார். அதை வைத்து 1815-இல் இங்கிலாந்தின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். பிறகு ஜெர்மனியில் ஆல்பர்ட் ஒப்பெல் 1856 முதல் 1858 வரை ஜுராசிக் பாறைகளை மண்டலம் மண்டலமாகப் பிரித்தார், பெரும்பாலும் அம்மோனைட்டுகளின் பெயரால்தான். இன்றும் அந்த முறையின் மேல்தான் நிற்கிறோம்.

எதனால் அம்மோனைட்? ஒன்று, வேகமாக மாறிக்கொண்டே இருந்த உயிரினம், ஒரு இனம் வருவதும் போவதும் புவியின் கணக்கில் கண்ணிமைக்கும் நேரம். இரண்டு, கடலெங்கும் பரவியிருந்தது, செத்த பிறகும் காற்று நிறைந்த ஓடு மிதந்து போய் வேறு கரையில் விழும். மூன்று, கெட்டியான ஓடு என்பதால் பாறையில் நிற்கும், சுத்தியல் வைத்தவன் கண்ணில் படும். ஜுராசிக் காலம் 20 கோடியே 10 லட்சம் ஆண்டுக்கு முன் தொடங்கி ஏறக்குறைய 14 கோடியே 50 லட்சத்தில் முடிகிறது. ஐரோப்பாவின் வடமேற்கில் இதில் ஒரு அம்மோனைட் மண்டலம் என்பது சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவு. கதிரியக்க முறையில் வயது காண வேண்டுமானால் எரிமலைச் சாம்பல் மாதிரி ஏதாவது இடையில் வேண்டும், அது எல்லா இடத்திலும் கிடைக்காது. சுருள் ஓடு கிடைக்கும்.

ஜுராசிக் எங்கே தொடங்குகிறது என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கோடு ஆஸ்திரியாவில் குஹ்யோஹ் என்ற இடத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டை அடையாளம் காட்டுவது சைலோசெராஸ் ஸ்பெலே என்ற ஒரு அம்மோனைட் முதன்முதலில் தலைகாட்டும் புள்ளி. அது சேகரிப்பாளர் அலமாரியில் வைத்துக் காட்டுகிற மாதிரி பளபளப்பான பொருள் இல்லை, நசுங்கிய சின்ன ஓடு. ஆனால் எந்த அங்குலத்தில் கிடைத்தது என்று தெரியும். மணற்கடிகாரம் கேட்ட "என்ன வித்தியாசம்" என்பதற்கு என் பதில் இதுதான்: அருங்காட்சியகக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. இடம், அடுக்கு, தெரிந்த ஒரு படுகைக்கு, அதாவது ஒரு தனி அடுக்குக்கு, மேலா கீழா, எத்தனை சென்டிமீட்டர், பாறையிலிருந்தே எடுத்ததா கீழே உதிர்ந்து கிடந்ததா, தேதி, எடுத்தவர். சீட்டு கிழிந்துபோனால் அருங்காட்சியகத்தில் இருந்தாலும் அது உங்கள் மேசைக் கல்லின் நிலைக்கு வந்துவிடும்.

இப்போது அந்த மீதிக் கால். அடுக்கு தெரியாவிட்டால் அது கடிகாரமாக உதவாது, அவ்வளவுதான். அது ஒரு பிராணியாக இருந்த கதை உள்ளேயே இருக்கிறது, அதற்குச் சீட்டு தேவையில்லை. அதிலும் நடு அறுப்பு என்பது அந்தக் கதையைத் திறந்து காட்டுகிற அறுப்பு. ஆய்வுக்கூடத்திலும் சில மாதிரிகளை வேண்டுமென்றே இப்படி அறுப்பார்கள்.

நீலத்திமிங்கிலம் எழுதியது:

ஐயா விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், என் துறை உயிரியல்.

மணற்கடிகாரம், லென்ஸை எடுத்து சுருளின் மையத்துக்குப் போங்கள். அறுப்பு சரியாக நடுவில் விழுந்திருந்தால் அங்கே ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத உருண்டை ஒன்று தெரியும். அதுதான் முதல் அறை, முட்டைக்குள் இருந்தபோதே உண்டானது. அதிலிருந்து ஏறக்குறைய ஒரு சுற்று வெளியே வந்தால் முட்டையை விட்டு வெளிவந்த நாளின் இடம். அந்தக் குஞ்சு மொத்தமே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதற்குப் பிறகு வளர்ந்த ஒவ்வொரு கட்டமும் அதே ஓட்டில் இருக்கிறது. நம் எலும்பு வளர வளர மாறிவிடும், நம் குழந்தைப் பருவத்து எலும்பை யாரும் பார்க்க முடியாது. அம்மோனைட் தன் குழந்தைப் பருவத்தைச் சுற்றித்தான் வளர்ந்தது.

அடுத்து, அறைச் சுவர்களை மையத்திலிருந்து வெளியே எண்ணிக்கொண்டே வாருங்கள். இடைவெளி சீராகப் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசி மூன்று நான்கு சுவர்கள் மட்டும் நெருக்கமாக வந்தால் அது முழு வளர்ச்சி அடைந்த பிராணி. நடுவில் ஓரிடத்தில் நெருங்கி மறுபடி அகன்றால், அந்தக் கட்டத்தில் அதற்கு ஏதோ கஷ்டம் வந்திருக்கலாம். கடைசிச் சுவருக்கு அப்பால் சுவரே இல்லாத நீண்ட அறை ஒன்று இருக்கும், உங்களுடையதில் மண் நிரம்பியிருக்கும் என்று நினைக்கிறேன். உடம்பு இருந்தது அங்கே மட்டும்தான். உள்ளே இருக்கிற அறைகள் எல்லாம் மிதப்புக்கானவை.

வெளி ஓரத்தை ஒட்டி எல்லா அறைகளையும் ஊடுருவிக்கொண்டு ஒரு கறுத்த நூல் மாதிரி போகும். அது ஒரு குழாய், அறையிலிருந்து நீரை உறிஞ்சி வெளியேற்றி மிதப்பைச் சரிசெய்யும். இன்று உயிரோடு இருக்கிற, சுருள் ஓடுடைய கடல் பிராணியான நாட்டிலஸில் அந்தக் குழாய் சுவர்களின் நடுவாகப் போகிறது, அம்மோனைட்டில் வெளி விளிம்போடு ஒட்டிப் போகிறது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே சாயல், ஆனால் உறவில் அம்மோனைட் நாட்டிலஸைவிடக் கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும்தான் நெருக்கம்.

தையல் கோடு என்று தொலைநோக்கி சொன்னாரே, அறைச் சுவர் ஓட்டைத் தொடுகிற கோடு அது. உங்கள் கல்லின் பின்பக்கம் ஓடு தேய்ந்திருந்தால் வேப்பிலை விளிம்பைவிடச் சிக்கலான ஒரு நெளிவு தெரியும், பலர் அதைச் செடி பதிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஏன் அவ்வளவு நெளிகிறது என்று 1836-இல் பக்லாண்ட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் ஒரு விளக்கம் சொன்னார், நீரழுத்தத்தைத் தாங்க என்று. இருநூறு ஆண்டு நெருங்கியும் வாதம் முடியவில்லை.

மணற்கடிகாரம் எழுதியது:

அக்கா, இதைப் படித்துவிட்டு இரண்டு மணி நேரம் லென்ஸோடு உட்கார்ந்துவிட்டேன். குழாய் தெரிகிறது! ஆறு அறைகளில் தெளிவாக, அப்புறம் காணாமல் போகிறது. மைய உருண்டை தெரியவில்லை, அந்த இடத்தில் வெறும் வெள்ளைப் புள்ளிதான். கடைசி நான்கு சுவர்கள் நிச்சயம் நெருக்கம், அளந்து பார்த்தேன், அதற்கு முந்தைய இடைவெளியில் பாதிதான் இருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்று அறைகளில் கீழே மண், மேலே படிகம், நடுவில் ரூலர் வைத்துக் கோடு போட்டது போல நேர் எல்லை. அறைகள் சுருளில் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கின்றன, ஆனால் மூன்று கோடுகளும் ஒரே திசையில் இருக்கின்றன. இது அறுப்பில் வந்ததா?

அடுக்குப்பாறை எழுதியது:

அது அறுப்பில் வந்தது இல்லை, தம்பி. அது தச்சர் வைத்திருக்கிற ரசமட்டம் மாதிரி. ஓட்டில் எங்கோ உடைப்பு, அதன் வழியாக அறைக்குள் சேற்று நீர் நுழைந்து சேறு அடியில் படிந்திருக்கிறது. மேலே மிச்சம் இருந்த வெற்றிடத்தில் பிற்பாடு நிலத்தடி நீரிலிருந்து கால்சைட் படிகமானது. அந்தக் கோடு 11 கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் எது கிடைமட்டம் என்று காட்டுகிறது. பாறை மடிந்து கவிழ்ந்து கிடக்கிற இடங்களில் எது மேல் பக்கம் என்று கண்டுபிடிக்க நாங்கள் இதைத்தான் தேடுவோம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பொதுவாக இப்படித் தட்டையான ஓடு கடலடியில் படுத்துத்தான் கிடக்கும், தட்டு விழுந்தால் படுப்பது போல. படுத்திருந்தால் சேற்று மட்டம் உங்கள் அறுப்புக்கு இணையாக இருக்கும், அறுத்த முகத்தில் கோடே தெரியாது, ஒரு பாதியில் மண் அதிகமாகவும் மறு பாதியில் படிகம் அதிகமாகவும் இருக்கும். உங்களுக்கு அறுத்த முகத்திலேயே கோடு தெரிகிறது என்றால், சேறு உள்ளே படிந்த நேரத்தில் அந்த ஓடு நின்றோ சாய்ந்தோ இருந்திருக்கிறது. 1973-இல் டேவிட் ராப் என்ற தொல்லுயிரியலாளர் இப்படிச் செங்குத்தாகப் புதைந்த ஓடுகளை வைத்து அங்கே நீரின் ஆழம் குறைவாக இருந்திருக்கும் என்று சொன்னார். ஒரு கல்லை வைத்து அந்த முடிவுக்குப் போகக் கூடாது. ஒரே படுகையில் ஐம்பது ஓடுகள், எத்தனை நின்றன, எத்தனை படுத்தன என்று எண்ணியிருந்தால் போகலாம். அந்தப் படுகையின் பெயர்தான் உங்களிடம் இல்லை.

தொலைநோக்கி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், "மதிப்பு கிடையாது" என்று நான் எழுதியது அதிகப்படி. அந்தக் கோட்டை நான் எத்தனையோ மெருகுக் கல்லில் பார்த்திருக்கிறேன், நின்று யோசித்தது இல்லை.

ஆனால் ஐயா கடைசியில் சொன்னதுதான் என் ஆற்றாமை. அந்த ஐம்பது ஓடுகளும் தோண்டிய அன்று ஒரே குழியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை. தோண்டியவர் கையில் ஒரு பென்சில் இருந்திருந்தால் போதும். இன்று அவை ஐம்பது நாடுகளில் ஐம்பது அலமாரிகளில் இருக்கின்றன, திரும்பச் சேர்க்கவே முடியாது. மேலோட்டமாகச் செய்கிற சேதம் இல்லை இது.

கூழாங்கல் எழுதியது:

ஆற்றாமை புரிகிறது, ஆனால் பழியைச் சேகரிப்பாளர் தலையில் மட்டும் வைக்காதீர்கள். இங்கிலாந்தின் கடற்கரை ஊரான லைம் ரீஜிஸில் மேரி அன்னிங் என்ற பெண் படிவங்களைக் கரையில் பொறுக்கி விற்றுத்தான் பிழைத்தார், அவர் விற்றவை இல்லாமல் அந்தக் காலத்து ஆய்வு இல்லை. ஜெர்மனியில் செப்பென்ராடே என்ற ஊரில் 1895-இல் ஒரு கல்குவாரியில் கிடைத்ததுதான் உலகின் மிகப் பெரிய அம்மோனைட், பாராபுசோசியா, உடைந்த நிலையிலேயே 1.74 மீட்டர் குறுக்களவு. குவாரி வேலை நடக்கவில்லை என்றால் அது இன்னும் மண்ணுக்குள்தான். குவாரி, கடலரிப்பு, சாலை வெட்டு, இங்கெல்லாம் யாரும் பொறுக்காவிட்டால் படிவம் பொடியாகத்தான் போகும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஆல்பெர்ட்டாவில் வானவில் நிறத்தில் மின்னுகிற அம்மோலைட் கிடைக்கிறது, பிளாசென்டிசெராஸ் என்ற அம்மோனைட் ஓட்டின் அரகோனைட் என்ற கனிம அடுக்குதான் அப்படி மின்னுகிறது. அங்கிருந்து அரசு அனுமதி இல்லாமல் வெளியே எடுத்துப் போக முடியாது. வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

நீலத்திமிங்கிலம் எழுதியது:

பிளாசென்டிசெராஸ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த ஓடுகள் சிலவற்றில் வரிசையாக வட்டத் துளைகள் இருக்கும். 1960-இல் காஃப்மனும் கெஸ்லிங்கும் தெற்கு டகோட்டாவில் கிடைத்த ஒன்றை ஆராய்ந்து, மோசசார் என்ற கடல் பல்லி கடித்த பல் தடம் என்று எழுதினார்கள். தாடையின் வடிவத்தோடு பொருத்தியும் காட்டினார்கள். 1998-இல் காசே என்பவரும் உடனிருந்தவர்களும் மறுத்தார்கள்: ஓட்டின் மேல் ஒட்டி வாழ்ந்த சிறு நத்தை வகைகள் அரித்த குழிகள், புதைந்த பிறகு அழுத்தத்தில் உடைந்து துளையானவை என்று. பிறகு சிலது கடிதான் என்று வேறு சிலர் திரும்ப வந்தார்கள். ஒரு துளையின் ஓரம் உள்நோக்கி உடைந்திருக்கிறதா, மறுபக்கத்தில் எதிர்த்தாடைக்குப் பொருத்தமான துளை இருக்கிறதா என்பதில்தான் வழக்கே. தேய்த்து மெருகேற்றினால் அந்த ஓரம் போய்விடும், கடைசியில் அழகான ஓட்டை மட்டும்தான் மிஞ்சும். தொலைநோக்கியின் கோபத்தில் இந்த நியாயம் இருக்கிறது.

உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது இன்னமும் குறைவு. 2011-இல் பாக்குலைட்டீஸ் என்ற நேர்கோட்டு ஓடுடைய அம்மோனைட்டை உடைக்காமல் எக்ஸ்ரே கற்றையில் வைத்துப் பார்த்ததில், வாய்க்குள் பல்வரிசையும் கடைசியாகச் சாப்பிட்ட சின்ன மிதவை உயிரிகளும் இருந்தன. 2021-இல் ஜெர்மனியின் ஐஷ்டாட் பகுதிக் கல்லில் ஓடே இல்லாத உடம்பின் பதிவு ஒன்றை விவரித்தார்கள், கைகள் எத்தனை என்று சொல்லும் தடயம் அதிலும் இல்லை.

மிதவையைச் சாப்பிட்டது, மில்லிமீட்டர் குஞ்சாக மிதவையோடே வாழ்ந்தது, இந்த இரண்டையும் வைத்துத்தான் பலர் அதன் முடிவையும் விளக்குகிறார்கள். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்து கடலின் மேல்மட்ட மிதவை உயிர்கள் சரிந்தபோது இவையும் சேர்ந்து போயின, நாட்டிலஸ் வகை பெரிய முட்டையும் ஆழமான இருப்பிடமும் கொண்டதால் தப்பியது என்பது கருத்து. டெவோனியன் காலம் தொட்டு முப்பது கோடி ஆண்டுக்கும் மேல், பெர்மியன் முடிவின் பேரழிவையும் தாண்டி வந்த வம்சம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

மணற்கடிகாரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விற்றவரிடம் மறுபடி கேட்டேன். மொத்தமாக வாங்கியது, மகஜங்கா பக்கம் என்று மட்டும் தெரியும், குழியோ அடுக்கோ தெரியாது என்றார். மறு பாதி வேறு யாருக்கோ போயிருக்கிறது, அது யார் என்றும் அவருக்கு நினைவில்லை.

ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன், சரியா பாருங்கள்: "அம்மோனைட், நடு அறுப்பின் ஒரு பாதி. கிளியோனிசெராஸ் ஆக இருக்கலாம், வெளிப்புற அடையாளம் தேய்ந்தது. இடம்: மகஜங்கா, மடகாஸ்கர், விற்றவர் வாய்மொழி. அடுக்கு தெரியாது. கடைசி 4 சுவர்கள் நெருக்கம். 3 அறைகளில் சேற்று மட்டம், அறுத்த முகத்தில் தெரிகிறது. மறு பாதி வேறிடத்தில்."

அடுக்குப்பாறை எழுதியது:

நல்ல சீட்டு. "விற்றவர் வாய்மொழி" என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை அழிக்காமல் வைத்திருங்கள். தேதியைச் சேர்க்கவும். சீட்டு தனியாகப் பிரிந்து போகும், அதனால் கல்லின் பின்பக்கம் தேயாத ஓர் ஓரத்தில் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் அதன் மேல் நிலையான மையால் ஒரு எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுங்கள். அதே எண்ணைச் சீட்டிலும் போடுங்கள்.

கூழாங்கல் எழுதியது:

காலி அறைகளுக்குள் தூசி சேர்ந்தால் பிரஷ் மட்டும் போதும். வினிகர், எலுமிச்சை எதுவும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம், கால்சைட் கரைந்துவிடும். அப்புறம் அந்த மூன்று அறைகளையும் அருகே வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். இதே மாதிரி சேற்றுக் கோடு உள்ள பாதி என்னிடமும் ஒன்று இருக்கிறது, இடது பாதி. ஜோடியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரியும், ஆனாலும் வைத்துப் பார்த்துவிடலாம்.